மோதலை அறியும் எஃகுக் குண்டு

கார் எதன் மீதாவது மோதியதும், காற்றுப்பையை விரிப்பதா வேண்டாமா என்பது ஒரு நொடியின் நூறில் சில பங்குகளுக்குள் முடிவாகிவிட வேண்டும் என்பதால், அம்முடிவைத் தொடக்க காலத்தில் எளிய இயந்திர உணரி ஒன்றிடமே பொறியாளர்கள் ஒப்படைத்தனர். அமெரிக்கப் பொறியாளர் ஆலன் பிரீட் 1960களின் பிற்பகுதியில் வடிவமைத்த இவ்வுணரியில், ஒரு சிறு குழாயின் பின்முனையில் எஃகுக் குண்டு ஒன்றைக் காந்தம் பிடித்து வைத்திருக்கும். முன்முனையில் ஒன்றையொன்று தொடாத இரண்டு மின்தொடுமுனைகள் இருக்கும். மோதலில் காரின் வேகம் சட்டென்று குறையும்போது, பொருள்கள் தம் இயக்கநிலையை மாற்றிக்கொள்ளாமல் தொடர முற்படும் நிலைமம் என்னும் பண்பினால், குண்டு காந்தப் பிடியை மீறி முன்னோக்கி உருண்டு, இரு முனைகளையும் இணைத்து மின்சுற்றை நிறைவு செய்கிறது.

ஆனால் காந்தம் மட்டும் போதாது. சாலைப் பள்ளத்தில் சக்கரம் இறங்கினாலும் நொடிப்பொழுதுக்குக் கடும் அதிர்வு உண்டாகும். குண்டுக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையே மிகக் குறுகிய இடைவெளியே விடப்பட்டிருப்பதால், முன்னே உள்ள வாயு அதன் வழியே மெல்லப் பின்னோக்கிக் கசிந்தால்தான் குண்டு நகர முடியும். எனவே கணநேர அதிர்வு குண்டைச் சற்றே அசைத்துவிட்டு அடங்க, நீடிக்கும் வேகக்குறைவு மட்டுமே அதை மறுமுனை வரை கொண்டுசேர்க்கிறது. இந்த வடிவமைப்பின் உண்மையான நுட்பம் இதுவே எனலாம்.

1990களில் சிலிக்கான் சில்லு முடுக்கமானிகள் பரவத் தொடங்கியதும், இத்தகைய உணரிகள் படிப்படியாக விலகின.