வண்டி சாயும்போது காலை வெளியே ஊன்றலாமா?

இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான பகுதியிலிருந்து எங்கள் விபத்துச் சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரில் அதிவேகத்தால் அடிபட்டவர்கள் மட்டும் இல்லை. மெதுவாகச் சென்று கவிழ்ந்த வண்டியின் அடியில் சிக்கியவர்களும் உண்டு. கன்டெய்னர் யார்டுகளில் ஃபோர்க்லிஃப்ட் இயக்குபவர்கள், காசிமேட்டிலிருந்து மீனும் ஐஸும் ஏற்றிவரும் மீன்பாடி வண்டிக்காரர்கள், லோடு ஆட்டோ ஓட்டுநர்கள் ஆகியோர் இவர்களில் அடங்குவர். "மெதுவாத்தான் போனாரு டாக்டர், எப்படிச் சாஞ்சுதுன்னே தெரியல" என்று உடன் வருபவர்கள் கூறுவதை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம்.

அவர்கள் கூறுவது பெரும்பாலும் உண்மையே. ஒரு வண்டி கவிழ்வதற்கு வேகம் மட்டும் காரணமன்று. எடை எந்த உயரத்தில் இருக்கிறது, சக்கரங்கள் எவ்வளவு அகலத்தில் ஊன்றியிருக்கின்றன என்பவையே முதன்மையானவை. மூன்று சக்கரங்கள் தரையைத் தொடும் இடங்களைக் கோட்டால் இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடையின் மையம் அந்த முக்கோணத்துக்குள் விழும்வரை வண்டி நிற்கும். வெளியே சென்றால் சாயும். ஆட்டோவில் முக்கோணத்தின் கூர்முனை முன்சக்கரத்தில் உள்ளது. வளைவில் திரும்பும்போதே பிரேக்கை அழுத்தினால் எடை அந்தக் குறுகிய முனையை நோக்கி ஓடுகிறது. வேகம் இரு மடங்கானால் வளைவில் பக்கவாட்டில் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. மீன் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலோ, பாதி நிரம்பிய தண்ணீர் டிரம்மை ஏற்றினாலோ நிலைமை மேலும் மோசமாகும். அரை டிரம் நீர் திருப்பத்தில் ஒரே பக்கமாகச் சரியக்கூடியது.

ஃபோர்க்லிஃப்டுக்கு நான்கு சக்கரங்கள் உள்ளனவே என்று கேட்கலாம். பெரும்பாலான ஃபோர்க்லிஃப்டுகளில் பின் அச்சு நடுவில் ஒரே புள்ளியில் பொருத்தப்பட்டு, இருபுறமும் ஆடக்கூடியதாக இருக்கும். ஆகவே கணக்குக்கு அதுவும் முக்கோணமே. சுமை இல்லாத ஃபோர்க்லிஃப்ட் பாதுகாப்பானது என்ற எண்ணமும் தவறு. சுமை இல்லாதபோது பின்புற எதிர்எடையால் மையம் குறுகிய முனைக்கு நகர்வதால், வெறும் வண்டியை வேகமாகத் திருப்பினால் அது பக்கவாட்டில் எளிதில் கவிழும். அமெரிக்காவில் மூன்று சக்கர ஏ.டி.வி. எனப்படும் கரடுமுரடான நிலத்தில் ஓடும் வண்டிகளின் புதிய விற்பனை, 1988ஆம் ஆண்டு நீதிமன்ற உடன்பாட்டின் வழியே நின்றது. ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல், பொதுப் பயன்பாட்டுக்கான புதிய நான்கு சக்கர ஏ.டி.வி.களில் கவிழும்போது ஓட்டுநரைக் காக்கும் சட்டகம் கட்டாயம். நம் மீன்பாடி வண்டியில் அத்தகைய சட்டகம் எதுவும் இல்லை. சரக்கைத் தாழ்வாக அடுக்குவதும் திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைப்பதுமே அதற்குள்ள காப்பு.

வண்டி சாயத் தொடங்கியதும் குதிக்கவோ ஒரு காலை வெளியே ஊன்றித் தாங்கவோ மனம் தூண்டும். எங்களிடம் வரும் நசுங்கிய கால்கள் பல இப்படி ஊன்றப்பட்டவையே. நூற்றுக்கணக்கான கிலோ எடையைக் கால் தாங்காது. உட்கார்ந்து இயக்கும் ஃபோர்க்லிஃப்டில் குதிப்பவர் பெரும்பாலும் வண்டி விழும் பக்கத்திலேயே விழுகிறார். தலைக்கு மேலுள்ள இரும்புக் கூடு அவர்மீது இறங்குகிறது. சீட் பெல்ட் அணிந்து, ஸ்டியரிங்கை இறுகப் பற்றி, கால்களை உள்ளே அழுத்தி ஊன்றி, விழும் திசைக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்துகொள்வதே முறை. ஆட்டோவிலும் கையையும் காலையும் உள்ளேயே வைத்திருக்க வேண்டும்.

ஒருவர் அடியில் சிக்கிவிட்டால் முதலில் எஞ்சினை நிறுத்தி, வண்டி மேலும் உருளாமல் கட்டையால் அண்டை கொடுத்து, 108-ஐ அழைக்க வேண்டும். மார்போ கழுத்தோ அழுந்தி மூச்சு தடைப்பட்டால் உடனே தூக்க வேண்டும். கையோ காலோ நெடுநேரம் அழுந்தியிருந்தால், அந்த நேரத்தை ஆம்புலன்ஸ் பணியாளரிடம் தெரிவித்து, சலைன் ஏற்றத் தொடங்கியபின் தூக்குவது நல்லது. 1941இல், குண்டுவீச்சுக்கு உள்ளான லண்டனில் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்களைப் பற்றி எரிக் பைவாட்டர்ஸ் எழுதிய கட்டுரை இதன் காரணத்தை உலகுக்கு உணர்த்தியது. மீட்கும்போது நன்றாகப் பேசியவர்கள் சில நாள்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியமும் தசைப்புரதமும் இரத்தத்தில் கலக்கின்றன. முதலாவது இதயத் துடிப்பைக் குலைக்கும், இரண்டாவது சிறுநீரகத்தை அடைக்கும். எனவே சிறுநீர் கடுங்காபி நிறத்தில் வந்தாலோ அளவு குறைந்தாலோ செவிலியரிடம் உடனே சொல்லுங்கள். கழுத்திலோ முதுகிலோ வலி என்பவரை, ஆபத்தான இடமாக இல்லாதவரை, எழுப்பி உட்கார வைக்காதீர்கள். சோடா, தண்ணீர் எதுவும் கொடுக்க வேண்டாம். அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்பதால் மட்டும் வீட்டில் அமைதியாக இருந்துவிட முடியாது. கால் கல்லைப்போல் இறுகி வீங்குதல், விரலை நிமிர்த்தினால் தாங்க முடியாத வலி, மரத்துப்போதல் ஆகியவை தசைக்குள் அழுத்தம் ஏறுவதன் அறிகுறிகள். சில மணி நேரத்துக்குள் அழுத்தத்தை நீக்காவிட்டால் அந்தத் தசை மீளாது. இந்நிலையில் எண்ணெய் தடவி நீவுவதும் இறுக்கமான நாட்டுக்கட்டு போடுவதும் காலையே இழக்கச் செய்யலாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பணியிடத்தில் நேர்ந்ததை "வீட்டுப் படியில் விழுந்தார்" என்று எங்களிடம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேலை போய்விடும் என்ற அச்சம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் படியில் விழுந்தவரின் காலை நாங்கள் வேறு கண்ணோட்டத்தில் பரிசோதிப்போம். தசை நசுங்கியதைத் தேடும் நேரம் அதில் வீணாகும். விபத்துப் பதிவேட்டில் நீங்கள் சொல்வதே எழுதப்படுகிறது. இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர் வேலையின்போது காயமடைந்தால், தற்காலிகமாக வேலைக்குச் செல்ல இயலாத காலத்துக்கு ஊதியத்தில் 90 விழுக்காடு பெற வழியுண்டு. காப்பீடு இல்லாதவருக்கும் சட்டப்படி இழப்பீடு கோர வழியுண்டு. இரண்டுக்கும் அந்தப் பதிவு பின்னர் தேவைப்படும். என்ன வண்டி, எந்தப் பக்கம் சாய்ந்தது, எவ்வளவு நேரம் சிக்கியிருந்தார் என்ற மூன்றையும், நேரில் பார்த்தவரிடம் கேட்டு, அவசரப் பிரிவில் முதலில் சந்திக்கும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.