கோடு வரைந்து கட்டளையிட்ட சகோதரர்

வழி கேட்டு வந்தவருக்கு வாயினாற் சொல்லி விளங்காதபோது நாம் என்ன செய்கிறோம்? குச்சியொன்றை எடுத்து மண்ணிலே கோடு கிழித்துக் காட்டுகிறோம். நூறு சொற்கள் உணர்த்தாததை நாலு கோடுகள் உணர்த்திவிடுகின்றன. கணினிக்கும் இவ்வாறு படம் வரைந்து கட்டளையிட முடியாதா என்று சிந்தித்தவர்களின் வரலாறு சுவை மிக்கது.

கணினி தானாக எதனையும் செய்வதில்லை. செய்ய வேண்டியவற்றை ஒழுங்காக எழுதிக் கொடுத்தல் வேண்டும். அதுவே செய்நிரல். 1950களில் அதனை எழுத வல்லோர் மிகச் சிலரே. அவர்களுங்கூட எழுதத் தொடங்குமுன், பெட்டிகளும் அம்புக்குறிகளும் கொண்ட பாய்ச்சற் கோட்டுப்படத்தைத் தாளில் வரைந்து பார்ப்பது வழக்கம். எண்ணம் படமாகப் பிறந்தது. கணினிக்கோ அதனை எழுத்தாக மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. அச்சுமையை மனிதன் ஏன் சுமத்தல் வேண்டும்?

1963ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஐவன் சதர்லண்ட் என்பவர் 'ஸ்கெச்பாட்' எனும் செய்நிரலைத் தமது கலாநிதிப் பட்ட ஆய்வாகச் சமர்ப்பித்தார். ஒளிப்பேனா கொண்டு கணினித் திரையிலே படம் வரைய அது வழி செய்தது. இரு கோடுகள் சமாந்தரமாக இருத்தல் வேண்டும் என்று பணித்தால், கணினியே அவற்றைத் திருத்தி அமைத்தது.

தம்பியார் திரையிற் படம் வரைந்தார். தமையனார் அப்படத்தையே செய்நிரலாக்கினார். 1966இல் வில்லியம் சதர்லண்ட் அதே நிறுவனத்திற்குச் சமர்ப்பித்த ஆய்வின் புதுமை இதுவே. கூட்டலுக்கு ஒரு பெட்டி, பெருக்கலுக்கு ஒரு பெட்டி, அவற்றை இணைக்கக் கோடுகள் என்று வைத்துக்கொள்வோம். வாய்க்கால் வழியே நீர் பாய்வதுபோலக் கோடுகள் வழியே எண்கள் பாயும். வேண்டிய எண்கள் யாவும் வந்து சேர்ந்ததும் பெட்டி தன் தொழிலைச் செய்யும். எது முன், எது பின் என்று மனிதர் வரிசைப்படுத்த வேண்டியதில்லை.

இக்கருத்து வீண்போகவில்லை. 1986இல் வெளிவந்த 'லாப்வியூ', ஆய்வுகூடக் கருவிகளைக் கோடு வரைந்தே இயக்கும் வசதியைப் பொறியியலாளருக்கு அளித்தது. 2007இல் மசாசுசெற்ஸ் நிறுவனத்திலேயே சிறுவர்க்கென 'ஸ்கிராச்' தோன்றியது. அதிலே கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக உள்ளன. பொருந்தக்கூடியவை மாத்திரமே ஒன்றோடொன்று பொருந்தும். ஆதலால் எழுத்துப் பிழைக்கு அஞ்சவேண்டியதில்லை.

அவ்வாறாயின் படம் எழுத்தை வென்றுவிட்டதா? இல்லை. பெட்டிகள் சிலவாயின் படம் தெளிவு தரும். ஆயிரமாயின் திரையில் அடங்காது. கோடுகளும் சிக்குண்ட நூலாகிவிடும். சிறிய இடத்திற் பெரும் பொருளை அடக்கும் வன்மை எழுத்துக்கு உண்டு. எனவே பெரும் செய்நிரல்கள் பெரும்பாலும் இன்றும் எழுத்தினாலேயே ஆக்கப்படுகின்றன.

எனினும், கணினிக்குக் கட்டளையிடுதல் எழுத வல்ல சிலருக்கே உரியது என்றிருந்த நிலையை மாற்ற இச்சகோதரர் பெரிதும் துணைநின்றனர். இன்று பத்து வயதுச் சிறுமியும் கட்டைகளை அடுக்கித் தன் கணினியைப் பணிக்கின்றாள். மாணவர்களே, விளங்காத கணக்கு எதிர்ப்படும்போது நீங்களும் முதலில் அதனை வரைந்து பாருங்கள்; எழுதுவது பிறகு எளிதாகும்.