உஷார்! பிளஸ் ஒன்னுக்கு ஆந்திரா அனுப்பப் போகிறீர்களா?

மணலி புதுநகர் பெற்றோரே, பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் நெல்லூர், விஜயவாடா பேச்சு தொடங்கிவிடும். நீட் கோச்சிங்கோடு சேர்த்து விடுதியிலேயே இன்டர் (அங்குள்ள பிளஸ் ஒன், பிளஸ் டூ) படிக்கலாம் என்பார்கள். பணம் கட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு 8 முதல் 12 வரை, எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு 6 முதல் 12 வரை இங்கேயே படித்தவர்களிடம் நேட்டிவிட்டி சர்டிபிகேட் கேட்பதில்லை. ஆரம்பாக்கம் எல்லையைத் தாண்டி ஒரே ஒரு வருஷம் படித்தாலும் அது கட்டாயம். பிள்ளை பிறந்து வளர்ந்தது இங்கேதான் என்று வாயால் சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள். அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் 85 சதவீதம் மாநில ஒதுக்கீடு. சான்று இல்லாவிட்டால் அந்தக் கதவே அடைபடும்.

ஆந்திராவில் கிடைக்குமா? அங்கேயும் உள்ளூர் மாணவர் என்று கணக்கில் வர, கடைசியாகத் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அங்கே படித்திருக்க வேண்டும். இரண்டு வருஷ இன்டர் போதாது. இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை என்று பிள்ளை தவிக்கும்.

எனக்கு மனம் அதிகம் பதறுவது அரசுப் பள்ளிப் பிள்ளைகளை நினைத்துத்தான். 2020-ல் மருத்துவத்துக்கு வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. பத்தாவதோடு வெளியே எடுத்தால் அந்த உரிமை போயே போச்சு.

ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள் நேட்டிவிட்டி சர்டிபிகேட் வாங்கக் கலந்தாய்வு வரை காத்திருக்காதீர்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டித்தான் சான்று வரும். தென்மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்து குடியேறியவர்கள் நம் ஊரில் நிறைய. அதற்குக் கேட்கப்படும் அப்பாவின் பள்ளிச் சான்றை ஊரிலிருந்து வரவழைக்கவே நாளாகும். வெறும் குடியிருப்புச் சான்றை வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், அது இதற்குச் செல்லாது. காசு கொடுத்தால் போதும் என்று புரோக்கர் நீட்டும் காகிதத்தைத் தொடவே வேண்டாம். போலி என்று தெரிந்தால் படிக்கும் நடுவிலும் சீட் ரத்தாகும், வழக்கும் வரும்.

பக்கத்து வீட்டு பீகார், ஒடிசா குடும்பங்களுக்கும் சொல்லுங்கள்: அவர்கள் பிள்ளைகள் 8 முதல் 12 வரை இடைவிடாமல் இங்கே படித்தால் பொறியியல் கலந்தாய்வில் பொதுப் பிரிவில் இடம் கேட்கலாம். நடுவில் ஒரு வருஷம் ஊருக்கு அனுப்பினால் அதுவும் கைநழுவும்.

விதிகள் ஆண்டுதோறும் வரும் கலந்தாய்வு விளக்கக் குறிப்பேட்டில் இருக்கின்றன. டி.சி. வாங்கும் முன் அந்த ஆண்டுக்கான குறிப்பேட்டைப் படித்துவிடுங்கள்.