மேடையிலிருந்து பறந்த பைபிள்

ராக் இசைக் கச்சேரியில், மேடையிலிருந்து ரசிகர்களை நோக்கிப் பைபிள் பறந்து வந்த கதை தெரியுமா? அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உருவான ஸ்ட்ரைப்பர் குழுவின் கச்சேரிகளில் அது வழக்கம். உடையிலிருந்து கிட்டார் வரை எல்லாமே மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்டிருக்கும். டிரம்ஸ் வாசிக்கும் ராபர்ட் ஸ்வீட், கூட்டத்துக்குத் தன் வாசிப்பு நன்றாகத் தெரியட்டும் என்று பக்கவாட்டில் திரும்பித்தான் உட்காருவார். இடையில் புதிய ஏற்பாட்டுப் பிரதிகளைக் கூட்டத்துக்குள் வீசுவார்கள். பாட்டோ அதிரடியான ஹெவி மெட்டல். அதற்கு மேலே ராபர்ட்டின் தம்பி மைக்கேலின் உச்சஸ்தாயிக் குரல். வரிகளில் இயேசுவின் மீது ஆழ்ந்த விசுவாசம். 1986-இல் வெளிவந்த 'டு ஹெல் வித் த டெவில்' ஆல்பத்தில் இவை எல்லாம் அருமையாகக் கூடிவந்தன. அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் அங்கீகாரமும் அதற்குக் கிடைத்தது.