ஆளைப் பார்த்து எறி! தெரியுமா?

சித்திரைப் புத்தாண்டு வந்துவிட்டால் களனிப் பக்கத்து மைதானங்களில் எல்லே களைகட்டும். மூங்கில் தடியால் பந்தை விளாசிவிட்டு ஒருவர் ஓடுவார். களத்தில் நிற்பவர் பந்தைப் பொறுக்கி ஓடுபவரின் உடம்பிலேயே எறிவார். பட்டால் ஆட்டமிழப்பு! பேஸ்போலிலும் ஒருகாலத்தில் இதே வழக்கம் இருந்தது, தெரியுமா? 1845இல் நியூயோர்க்கின் நிக்கபொக்கர் கழகம் எழுதிய விதிகள் ஓடுபவருக்குப் பந்தால் எறிவதைத் தடுத்துவிட்டன. அமெரிக்கா கைவிட்ட அந்த ஆனந்தம் நம் எல்லேயில் இன்னும் உயிரோடு இருக்கிறது!

அதே ஆனந்தம்தான் டொட்ஜ்போலிலும்: கோட்டுக்கு இருபுறமும் இரண்டு அணிகள், எறிபட்டவர் வெளியே! வெள்ளவத்தைக் கடற்கரை மணலில் ஒரு கோடு கீறுங்கள், கொட்டாஞ்சேனை ஒழுங்கையிலும் கீறலாம். மென்பந்து நாலைந்து போதும்.

எறிவதற்கு வெறும் பலம் போதாது. சிம்பன்சிக்கு நம்மைவிட எவ்வளவு பலம்! ஆனால் அது எறியும் பந்து மணிக்கு 30 கிலோமீற்றரைச் சற்றுத்தான் தாண்டும். பேஸ்போல் பழகிய பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் எறியும்! 2013இல் ஆய்வாளர் நீல் ரோச் குழுவினர் 'நேச்சர்' இதழில் காரணத்தைச் சொன்னார்கள்: கையைப் பின்னுக்கு வளைக்கும்போது நம் தோள் கவண் இழுத்ததுபோல் விசையைச் சேமிக்கிறது. ஆகவே கையை மட்டும் வீசாதீர்கள். எதிர்க்காலை முன்வைத்து, இடுப்பைத் திருப்பி, தோளைக் கடைசியில் விடுங்கள்.

இன்னொரு கணக்கு, எனக்கு மிகப் பிடித்தது. மணிக்கு 54 கிலோமீற்றர் வேகப் பந்து ஏழரை மீற்றரைக் கடக்க அரை வினாடி எடுக்கும். பந்தைக் கண்டு உடம்பு அசையத் தொடங்கவே ஏறக்குறைய 0.2 வினாடி போய்விடும். நீங்கள் மூன்று மீற்றர் முன்னுக்கு ஓடிவந்து எறிந்தால் எதிராளிக்கு மொத்தமே 0.3 வினாடிதான்! பழைய இடத்தில் நின்றே அந்த 0.3 வினாடியை வாங்க மணிக்கு 90 கிலோமீற்றர் வேகம் வேண்டும். புஜபலம் தராததைக் கால்கள் தந்துவிடுகின்றன!

எங்கே எறிவது? முழங்காலுக்கு! நெஞ்சுக்கு வரும் பந்து இரு கைகளுக்குள் தானாக விழும். பிடித்துவிட்டால் எறிந்தவர் வெளியே. பிடித்தவரின் அணியில் வெளியேறியிருந்த ஒருவர் உள்ளே. ஒரே எறியில் இரண்டு ஆள் வித்தியாசம்! தலையை மட்டும் எப்போதும் விட்டுவிடுங்கள்.

இருவர் சேர்ந்து ஒருவருக்கே எறிந்தால்? மூளை முதல் பந்துக்குப் பதில் தேடும்போது இரண்டாவது பந்து வரிசையில் காத்துநிற்கும். ஒன்று மேலே, ஓர் இமைப்பொழுது பிந்தி மற்றது கீழே!

கை எந்த உயரத்திலிருந்து வருகிறது என்பதும் எதிராளியை ஏமாற்றும். ரத்கமக் கடற்கரையில் மென்பந்தோடு வளர்ந்த கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர் லசித் மாலிங்கவின் கை தோளுக்குப் பக்கவாட்டில் சுழலும். 2007 உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக நான்கு பந்துகளில் நான்கு விக்கெட்! 2019இல் பல்லேகலயில் நியூசிலாந்துக்கு எதிராக மறுபடியும்!

கடைசியாக ஒன்று: எறிந்து முடித்தவரைக் கவனியுங்கள். கை வெறுமை, உடம்பு முன்சாய்வு, ஒரு கால் காற்றில். உங்கள் பந்து போகவேண்டியது அந்தக் கணத்தில், அவருக்கே!