கைநாட்டு வைக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்க! மருந்து சோதனையில் உங்க உரிமை என்ன?

அச்சங்குளம்:

விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அருகே உள்ள அச்சங்குளத்தில் 2021-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந்தேதி பட்டாசு ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் பலியானார்கள். தீக்காயம் அடைந்த பலர் ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டனர்.

இப்படிப்பட்ட நேரத்தில் ஆஸ்பத்திரியில் ஒரு பேப்பரை நீட்டினால் யார் படித்துப் பார்ப்பார்கள்? "உசுரு பொழைச்சா போதும் சாமி" என்று கையெழுத்து போடுவார்கள். எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைப்பார்.

ஆனால் எல்லா கையெழுத்தும் ஒண்ணு இல்லை. ஆபரேஷனுக்கு கேட்பது சிகிச்சைக்கான சம்மதம். புது மருந்து, புது ஊசியை சோதித்துப் பார்க்க கேட்பது ஆராய்ச்சிக்கான சம்மதம். அந்த மருந்து பலன் தருமா, பக்கவிளைவு வருமா என்பது இனிமேல்தான் தெரியணும்.

கம்மத்தில் நடந்தது என்ன?

அப்போது ஆந்திராவிலும் இப்போது தெலுங்கானாவிலும் உள்ளது கம்மம் மாவட்டம். இங்கு 2009-ம் ஆண்டு 10 முதல் 14 வயது வரையிலான சிறுமிகளுக்கு கர்ப்பப்பை வாய் புற்றுநோய் தடுப்பூசி போடப்பட்டது. அமெரிக்காவை சேர்ந்த 'பாத்' என்ற அமைப்பு, மத்திய அரசின் ஐ.சி.எம்.ஆர்., மாநில அரசு சேர்ந்து நடத்திய ஆய்வு அது. அரசு விடுதியில் தங்கிப் படித்த ஆதிவாசி பிள்ளைகளும் இதில் உண்டு.

குஜராத்தில் வதோதராவிலும் இதே ஆய்வு நடந்தது. இரண்டு இடத்திலும் சேர்த்து 7 சிறுமிகள் இறந்து போனார்கள். 2010 ஏப்ரலில் ஆய்வு நிறுத்தப்பட்டது.

சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பு இருப்பதாக தெரியவில்லை என்றது அரசு விசாரணைக்குழு. அந்த ஊசி இன்று பல நாடுகளில் போடப்படுகிறது. சிக்கல் சம்மதம் வாங்கிய விதத்தில் இருந்தது.

2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு தந்த அறிக்கை பகீர் ரகம். ஆந்திராவில் 9,543 சம்மத படிவங்களில் 1,948-ல் கைநாட்டு. 2,763 படிவங்களில் விடுதி வார்டன்களே கையெழுத்து போட்டிருந்தார்கள். பெத்தவங்களுக்கு பதிலா வார்டன் சம்மதம்!

சட்டம் என்ன சொல்கிறது?

மருந்து சோதனைக்கு 2019 மார்ச்சில் புதிய விதிகள் வந்தன. அதன்படி:

* என்ன சோதனை, என்ன ஆபத்து என்பதை உங்களுக்கு புரியும் பாஷையில் சொல்லணும்.

* படிக்கத் தெரியாதவர் என்றால், சோதனையில் சம்பந்தப்படாத ஒரு சாட்சி கூடவே இருந்து கையெழுத்து போடணும்.

* சிறுவர்கள் என்றால் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் சம்மதம் கட்டாயம்.

* படிவத்தின் நகல் உங்க கைக்கு வரணும்.

* எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக்கூடாது.

* சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் உண்டு.

* நெறிமுறைக்குழு அனுமதி இல்லாமல் சோதனையை தொடங்கவே முடியாது. குழுவில் குறைந்தது 7 பேர். சட்டம் தெரிந்தவர், டாக்டர் அல்லாத சாதாரண குடிமகன், பெண் உறுப்பினர் இருக்கணும்.

அப்போ சோதனையே வேண்டாமா?

அப்படி இல்லை. சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், ஏழை நோயாளிகளை வைத்துத்தான் ஆய்வு செய்தது. வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிட்டாலும் டி.பி. குணமாகும் என்று 1959-ல் உலகுக்கே காட்டியது. மாசக்கணக்கில் சானடோரியத்தில் கிடந்த காலம் மாறியது. நாம் விழுங்கும் மாத்திரைகளுக்கு பின்னால் இப்படி யாரோ ஒருவரின் துணிச்சல் இருக்கிறது.

அந்த துணிச்சல் தெரிந்தே வரணும். ஆகவே பேப்பரை நீட்டினால் முதலில் கேளுங்க: "டாக்டரய்யா, இது சிகிச்சைக்கா, ஆராய்ச்சிக்கா?" பதில் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. அதுவரை பேனாவை தொட வேண்டாம்.