சைக்கிளே துணை – 9: ஹேண்டிலைக் கொஞ்சம் உயர்த்துங்கள்

போன வாரம் சீட்டின் உயரத்தைச் சரிசெய்தோம். பெடல் அடியில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும் என்ற கணக்கின்படி பலரும் சீட்டை ஏற்றியிருப்பீர்கள். இப்போது வேறொரு சிக்கல் முளைத்திருக்கும். சீட் மேலே போய்விட்டது. ஹேண்டில் கீழேயே நிற்கிறது.

நாற்பத்தைந்து வயதில் எனக்கும் இதுதான் நடந்தது. தினமும் காலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டுவேன். வீடு திரும்பும்போது இடது கையில் இரண்டு விரல்கள் மரத்துப்போயிருக்கும். நெஞ்சு சம்பந்தப்பட்டதோ என்று பயந்து மருத்துவரிடம் போனேன்.

“எந்தெந்த விரல்?”

“சுண்டு விரலும் மோதிர விரலும், டாக்டர்.”

“சைக்கிள் ஓட்டுறீங்களா?”

முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுரீரென்று மின்சாரம் பாய்ந்ததுபோல இருக்குமே, அந்த நரம்புதான் இந்த இரண்டு விரல்களுக்கும் வருகிறது. அல்நார் நரம்பு என்பார்கள். மணிக்கட்டைத் தாண்டி, உள்ளங்கையில் சுண்டு விரல் பக்கமுள்ள மேட்டை ஒட்டி ஓடுகிறது. ஹேண்டில் தாழ்ந்திருந்தால் உடம்பின் பாரம் கைகளில் இறங்கி, அந்த மேடு பிடியில் அழுந்துகிறது. குனிந்தபடியே தலையைத் தூக்கிச் சாலையைப் பார்ப்பதால் பிடரியும் வலிக்கிறது. வயதாகிவிட்டது என்று சைக்கிளை ஓரங்கட்டியவர்களில் எத்தனை பேருக்கு ஹேண்டிலின் உயரம்தான் குறையோ!

பந்தயக்காரர்கள் குனிவதற்குக் காரணம் உண்டு. வேகம் கூடக் கூட அவர்கள் உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. பால் வாங்கப் போகிறவருக்கு அந்தக் குனிவு எதற்கு? கலிஃபோர்னியாவில் 1994இல் ரிவென்டெல் சைக்கிள் நிறுவனத்தைத் தொடங்கிய கிராண்ட் பீட்டர்சன், சாதாரணமாக ஓட்டுகிறவர்களுக்கு ஹேண்டில் சீட்டுக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருக்கட்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடிவருகிறார். நான் அவர் கட்சி.

கை வைக்கும் முன் சீட்டின் மூக்கைப் பாருங்கள். அது முன்னால் சரிந்திருந்தால் ஹேண்டிலை எவ்வளவு ஏற்றினாலும் பாரம் கையில்தான் வந்து விழும்.

பழைய வகைச் சைக்கிள்களில் ஹேண்டிலின் தண்டு ஃபோர்க் குழாய்க்குள் இறங்கியிருக்கும். அதன் உச்சியில் தெரிகிற போல்ட், உள்ளே அடியில் உள்ள ஓர் ஆப்பை மேலே இழுத்து, தண்டைக் குழாயோடு இறுக்குகிறது. போல்ட்டை முழுவதும் கழற்றக் கூடாது. இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, தலையில் ஒரு மரக்கட்டையை வைத்துத் தட்டுங்கள். ஆப்பு கீழே இறங்கும், தண்டு விடுபடும். துருப்பிடித்து அசையவில்லை என்றால் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். வெளியே எடுத்த தண்டைத் துடைத்து, கிரீஸ் தடவி உள்ளே விட்டால் அடுத்த முறை இந்தப் போராட்டம் இருக்காது.

தண்டில் ஒரு கோடு பொறித்திருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரியவே கூடாது. கோடு இல்லாத தண்டானால் குறைந்தது ஆறரை சென்டிமீட்டர் உள்ளே இருக்கட்டும். ஃபோர்க் குழாயின் மேற்பகுதியில் மரை வெட்டியிருப்பதால் அங்கே இரும்பு மெலிந்திருக்கும். ஆப்பு அந்த இடத்தில் இறுகினால் குழாய் விரிசல் விடும். இதை இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு கடையில் கோடு தெரியும்படி ஏற்றிக்கொடுத்த என் ஹேண்டில், வேகத்தடையில் ஏறி இறங்கியபோது கையோடு ஆடியது.

இன்றைய கியர் சைக்கிள்கள் பலவற்றில் ஹேண்டிலைத் தாங்கும் தண்டு, அதாவது ஸ்டெம், ஃபோர்க் குழாயை வெளியிலிருந்து கவ்வியிருக்கும். அதை மேலே இழுக்க முடியாது. ஸ்டெம்முக்கு மேலே வளையங்கள் இருந்தால் அவற்றைக் கீழே மாற்றலாம். இல்லையென்றால் ஸ்டெம்மையே தலைகீழாகத் திருப்பிப் போடலாம். ஏழு டிகிரி சாய்வுள்ள 10 செ.மீ. ஸ்டெம்மைத் திருப்பினால் ஹேண்டில் 2 செ.மீ.க்கு மேல் உயரும், கொஞ்சம் நம் பக்கமும் வரும். ஸ்டெம்மின் மேலுள்ள மூடியின் நடுவிலிருக்கும் போல்ட் ஹேண்டிலைப் பிடித்து நிறுத்துவது அல்ல. பேரிங்கின் ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் அதை முடுக்குங்கள். பிடிமானம் ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகளில் இருக்கிறது.

வேலை முடிந்ததும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள். பிரேக் ஒயர் விறைத்தால் நீளமானதாக மாற்றியாக வேண்டும். கம்பி பிரேக் சைக்கிளானால் கம்பியின் நீளத்தையும் சரிசெய்ய வேண்டும். பிறகு முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருகுங்கள். லேசில் திரும்பக் கூடாது.

ஒரே தடவையில் உச்சிக்கு ஏற்றாதீர்கள். ஒரு சென்டிமீட்டர் ஏற்றி ஒரு வாரம் ஓட்டுங்கள். எனக்கு மூன்று சென்டிமீட்டர் தேவைப்பட்டது.

பதினோராம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா சைக்கிளை ஓட்டும் பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கலாம். ஐந்தடிப் பிள்ளைக்கும் ஆறடிப் பிள்ளைக்கும் அதே அளவுச் சட்டம்தான். அந்த வயதில் ஒரே வருடத்தில் கைகால் நீண்டுவிடும், சைக்கிள் நீளாது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அந்தச் சைக்கிளின் பக்கத்தில் கால்மணி நேரம் உட்காருங்கள்.

(தொடரும்)